அறுபது லிட்டர்

பெங்களூருக்கு மாற்றலாகிப் போன வங்கி மேலாளர்
ஆயிரத்து இருநூறுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்:
ரெண்டடிக் கண்ணாடித் தொட்டி, மூடி, விளக்கு,
ஒரு பிளாஸ்டிக் கப்பல்.
கப்பலை நான் எடுக்கவில்லை.

நீடாமங்கலம் ரெகுலேட்டரில் லஸ்கர் வேலை எனக்கு.
ஏற்றச் சொன்னால் ஷட்டரை ஏற்றுவேன்,
இறக்கச் சொன்னால் இறக்குவேன்.
இருபத்திரண்டு வருஷமாக
என்னைத் தாண்டிப் போகும் தண்ணீரைக்
கன அடியில் தெரியும்.
லிட்டரில் பழக்கமில்லை.

தையல் மிஷினை நகர்த்தி மேசை போட்டோம்.
ஒன்பது தடவை மணல் கழுவினாள் கனகவல்லி.
பத்தாவதும் கலங்கல்.
"பொங்கலுக்குப் பச்சரிசிகூட
இவ்ளோ களைஞ்சதில்ல" என்றாள்.

போர் தண்ணீர் உப்பு.
வெந்நீர்ப் பானையின் அடி பார்த்தாலே தெரியும்.
டூட்டி முடிந்து ரெண்டு கேன் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து
பழைய வேட்டியில் வடிகட்டி ஊற்றினேன்.
ஊற்ற ஊற்ற ஏறியது.
கேஜ் கல் வைக்காத குறை.

மன்னார்குடியில் மீன்கடை வைத்திருக்கும் சபீருக்கு
என் மூத்தவன் வயசுதான் இருக்கும்.
"மூணு வாரம் மீன் விடாதீங்க சார்.
தண்ணி பழகட்டும்."
"யாரோட?"
சிரித்தான்.
கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மணலில் குடியேற வேண்டுமாம்.
அவை வந்த பிறகுதான் மற்றவை.
தினம் ஒரு சிட்டிகைத் தீனி,
இல்லாத மீனுக்கு.

தண்ணீர் நின்றால் எனக்கு போன் வரும்.
நிற்காமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம்.
இப்போது காசு கொடுத்து நிற்க வைத்திருக்கிறேன்.

தெருவே வந்து குனிந்து பார்த்தது.
"மீன் எங்க?"
"வரும்."
"எப்ப?"
"வந்துகிட்டே இருக்கு."
சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது:
ஜூலை மாசத்தில் கடைமடைக்காரர்களுக்கு
போனில் நான் சொல்லும் பதில்
எழுத்துப் பிசகாமல் இதுதான்.

சோதனைக் குழாயில் சொட்டு விட்டால்
மஞ்சள் நல்லது, பச்சை விஷம்.
ஒன்பதாம் நாள் பாசிப் பச்சை.
அன்றைக்குத்தான் அது அசைந்தது.
அரை நகம் நீளம்.
தண்ணீரின் நிறமே அதன் நிறம்.
வேட்டியின் எந்த இழை வழி விட்டதோ.

படம் அனுப்பினேன்.
"ஆத்து மீன் சார், தூக்கிப் போட்டுருங்க.
பெருசானா வெலை கொடுத்து வாங்குறதத் தின்னுரும்."

தூக்கத்தான் வலையை எடுத்தேன்.
தையலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
வலை காய்ந்தபடியே ஆணிக்குப் போனது.
பாதித் தண்ணீரை மாற்றினேன்,
மறுநாளும், அதற்கு மறுநாளும்.

இருபத்தி மூன்றாம் நாள் மஞ்சள்.
ஆறு நியான் டெட்ரா வாங்கினோம்.
கொளத்தூரில் பிறந்தவையாம்.
பையோடு கால் மணி நேரம் மிதக்க விட்டு,
கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கலந்து, அவிழ்த்தேன்.
நீலக் கோடுகள் கலைந்து ஓடின.
காலையில் ஐந்துதான்.
ஆறாவதைக் கனகவல்லி
கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தாள்.

அந்த ராத்திரி மின்சாரம் போனது.
மோட்டார் நின்ற சத்தத்தில் விழித்தேன்.
டம்ளரில் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன்.
நடுவில் செக்‌ஷன் ஆபீஸிலிருந்து போன்:
"கோரையாறு ரெண்டு பாயின்ட் ஏத்து."
டம்ளரை அவளிடம் கொடுத்துவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.

ஷட்டர் ஏறும்போதெல்லாம்
கீழே நுரையில் மீன்கள் வந்து நிற்கும்,
தண்ணீர் வரும் பக்கம் பார்த்து.
டார்ச் அடித்தால் கறுப்புக் கோடுகள்.
எத்தனை வருஷமோ பார்த்துவிட்டேன்,
எல்லாம் மேலேயிருந்து.

திரும்பி வந்தபோது கரண்ட் வந்திருந்தது.
தொட்டி ஓரத்தில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள்,
கையில் டம்ளர்.
ஃபில்டர் தண்ணீர் விழும் மூலையில்
அரை நகம் நின்றுகொண்டிருந்தது,
வரும் பக்கம் பார்த்து.
பக்கவாட்டில் அதற்கு ஒரு கண்,
திறந்து மூடும் ஒரு வாய்.

குந்தி உட்கார்ந்தேன்.
கைலி நனைந்திருந்தது.
பதிவேட்டில் இன்னும் எழுதவில்லை,
எத்தனை மணிக்கு ஏற்றினேன் என்று.