நிகர எடை

பகலில் நான் டன்னில் பேசுகிறவள்.
குருபரப்பள்ளி எடைமேடையில்
கிரானைட் பாளத்தோடு வண்டி ஏறும்போது
கண்ணாடி அறையில் என் டீ டம்ளர் நடுங்கும்.
மொத்தம், காலி, நிகரம்.
மூன்று எண், ஒரு சீட்டு.
"ஒரு இருநூறு கிலோ பாத்துப் போடுக்கா"
என்று இறங்கி வந்து கெஞ்சுகிற டிரைவரிடம்
"மேடைக்குக் காது கேக்காது" என்பேன்.
பத்து கிலோகூட விட்டதில்லை.

இரவில் கிராமுக்கு இறங்குகிறேன்.
நகைக்கடை கழித்துப் போட்ட தராசு.
தட்டில் ஒரு டப்பா மூடி,
மூடிக்குள் சாமை.
மஞ்சள் உடம்பு, கரும்புள்ளி, தடித்த வால்.
வேலை மாறிப் போன பெங்களூர்ப் பையன் ஒருவன்
ஓசூர் பஸ் நிலையத்தில் கையில் கொடுத்தான்:
"சுவர் ஏறாது. பலன் சொல்லாது."
பல்லிதான், ஆனால் இமை உண்டு.
என்னைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளத் தெரியும்.

தானியத்தின் பெயர் வைத்தேன்.
பத்தொன்பது நாளாக ஒன்றும் தின்னவில்லை.

தைக் குளிர் என்று நினைத்தேன்.
சூட்டுப் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.
சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி விட்ட வெட்டுக்கிளி
அவள் மூக்கின்மேலேயே நடந்து போனது.
பந்தியில் பாயசத்தை மறிக்கும் கைபோல
முகத்தை ஒரு பக்கம் திருப்பினாள், அவ்வளவுதான்.
தின்னப்படாதவற்றைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.
விடிய விடியக் கத்தின.
அவற்றுக்கு நான் காய்கறி நறுக்கிப் போட்டேன்.

அறுபத்தொன்று.
தட்டைத் துடைத்துச் சுழியில் வைத்து மறுபடி.
அறுபத்தொன்று.
சும்மா ஓடுகிற வண்டிக்கும்
டீசல் எரிந்தாவது குறையுமே.
தராசைச் சந்தேகப்பட்டேன்.
என் பிழைப்பில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது.

வியாழக்கிழமை கால்நடை மருத்துவமனை.
முன்னால் நான்கு ஆடு, ஒரு நொண்டிக் கன்று.
வேப்பனப்பள்ளியிலிருந்து வந்தவர், முனிரத்தினமாம்,
"டப்பால என்னம்மா, குஞ்சா?" என்று எட்டிப் பார்த்தார்.
பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.
பிறகு, ஆட்டுக் கயிற்றைக் கை மாற்றிக்கொண்டு,
"பொட்டையா?"
"ஆமா."
"அடைக்குப் போற கோழி தீனிய மோந்துகூடப் பாக்காதே."
"இதுக்கு ஜோடி கிடையாதுங்க."
"ஏன், சேவல் இருந்தாத்தான் கோழி முட்டை உடுமா?"

நஸ்ரீன் டாக்டர் செல்போன் வெளிச்சத்தில்
வயிற்றைத் திருப்பிக் காட்டினார்.
எண்ணெய் பட்ட காகிதம் மாதிரித் தோல்.
உள்ளே இரண்டு வெளிர் வட்டம்.
"நான் படிச்சது மாட்டுக்கு.
இருந்தாலும் சொல்றேன்.
பசி இல்லாம இல்ல. எடம் இல்ல."

அன்று ராத்திரி
ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரத் தேங்காய் நார்த்தூள் நிரப்பி
ஒரு பக்கம் வாசல் வெட்டி வைத்தேன்.
நான்கு இரவு தோண்டினாள்.
கல் குவாரி தோற்கும் சத்தம், அந்தச் சின்ன நகங்களுக்கு.
ஐந்தாம் நாள்
இரண்டு முட்டை.
விரல் பட்டால் குழியும் ஓடு.
வெளிச்சத்தில் பிடித்தேன்: மஞ்சள் மட்டும்.
யாரும் வராத மஞ்சள்.
எனக்கு முப்பத்தெட்டு.
அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

எழுந்தது பழக்கம். எடை போட்டேன்.
பழைய சீட்டின் பின்புறம் எழுதினேன்.
மொத்தம் அறுபத்தொன்று.
காலி ஐம்பத்து மூன்று.
நிகரம் எட்டு.
முட்டைகளைத் தனியாக வைத்தால் ஆறரைதான் வருகிறது.
ஒன்றரை கிராம் இடிக்கிறது.
எங்கே போயிருக்கும் என்று தேடவில்லை.
முதல்முறையாக விட்டுக்கொடுத்தேன்.

எட்டு மணிக்கு டப்பாவைத் திறந்ததும்
வால் நுனி ஆடியது.
முதல் வெட்டுக்கிளி எப்போது காணாமல் போனது என்றே தெரியவில்லை.
இரண்டாவது. மூன்றாவதின் கால் ஒன்று
வாயோரம் இன்னும் உதைத்துக்கொண்டிருந்தது.
இமையை மூடி, விழுங்கி, திறந்து,
என்னைப் பார்த்தாள்,
சீட்டு கிடைக்காத டிரைவர் மாதிரி.

நான்காவது தப்பித்துவிட்டது.
குளிர்ப்பெட்டிக்கு அடியில் இருந்து கத்துகிறது.
காலை ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட்.
கத்தட்டும்.