ஒலி கேட்டால் அழுத்துங்கள்

தார்த்துவில் பிப்ரவரி.
பனியை உதறிவிட்டு உள்ளே வந்தவர்
பூட்ஸைக் கழற்றி
முனைகள் சுவரைத் தொடும்படி
ஒன்றோடொன்று ஒட்டி வைத்தார்.
அப்படி வைக்க யாரும் சொல்லவில்லை.

உர்மாஸ் கல்லாஸ்தே, நாற்பத்து மூன்று வயது.
ஹெல்மண்டுக்கு இரண்டு முறை போனவர்.
இப்போது வோரு ஊரில்
ஒட்டுப்பலகை ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.
எங்கள் ஆய்வில் எண் ஐம்பத்தேழு.

சோதனை அறையின் கதவு ஒரு சாண் தடிமன்.
உள்ளே உட்கார்ந்தால்
கழுத்து நரம்பில் ரத்தம் ஓடுவது
நமக்கே கேட்கும்.
'ஒலி கேட்டால் அழுத்துங்கள்,
எவ்வளவு சன்னமாக இருந்தாலும்' என்று
பொத்தானைக் கையில் கொடுத்தேன்.
அவர் கட்டைவிரல் அதன்மேல்
போய் உட்கார்ந்த விதம்
எனக்குப் பிடிக்கவில்லை.

கண்ணாடிக்கு இப்பாலிருந்து அனுப்பினேன்.
ஐந்நூறு. ஆயிரம். இரண்டாயிரம்.
ஒழுங்காக அழுத்தினார்.
நாலாயிரத்தில் கோடு
கிணற்று வாளிபோல் இறங்கியது.
துப்பாக்கி பிடித்த பலருக்கும் இறங்குவதுதான்,
ஆய்வுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை.

பிறகு
நான் எதையும் அனுப்பாதபோது அழுத்தினார்.

மறுபடியும்.
கருவியைத் தட்டிப் பார்த்தேன், வயரைப் பிடுங்கிச் செருகினேன்.
என் பக்கத்து விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது,
அவசரமே இல்லாமல்,
இருட்டில் ஒருவன் அக்கரைக்கு
சைகை காட்டுவதைப்போல.

பொய் அழுத்தங்கள் மூன்றில் ஒன்றைத் தாண்டினால்
அந்தத் தரவை நீக்கிவிட வேண்டும்.
நெறிமுறை, பக்கம் பன்னிரண்டு.

கதவைத் திறந்தேன்.
'நான் ஒலியே அனுப்பவில்லையே.'
'தெரியும்' என்றார்.
'கேட்டால் அழுத்தச் சொன்னீர்கள்.
நீங்கள் அனுப்பியது கேட்டால் என்று
சொல்லவில்லை.'

சரி, அது எப்படி இருக்கும், காட்டுங்கள் என்றேன்.
குமிழைத் திருகினேன். ஐயாயிரம்.
தலையசைத்து மறுத்தார்.
இன்னும் மேலே. இன்னும். கொஞ்சம் கீழே.
ஆறாயிரத்து இருநூறில் கையை உயர்த்தினார்.
உயர்த்திய கையை
இறக்க மறந்துவிட்டார்.

அந்த வண்டியைப் பற்றி அவர் பேசவில்லை.
படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது,
டிக் செய்திருந்தார், அவ்வளவுதான்.
பேசியது ஆலையின் மதியச் சாப்பாட்டு மேசையைப் பற்றி:
எல்லோரும் சிரித்து முடித்தபின்
தான் சிரிப்பதைப் பற்றி.
மகள் லீசியைப் பற்றி:
'மூன்று தடவை கூப்பிடுவாள்.
நான்காவது தடவை கூப்பிடுவதில்லை.
அவள் நிறுத்திவிட்டது
எனக்கு எப்படிக் கேட்கும்?'

'அங்கே எங்கள் கூடாரத்தில்
எல்லோர் காதிலும் இது இருந்தது.
அதனால் யார் காதிலும் இல்லாத மாதிரி.
பட்டாளத்தை விட்டு ஒன்பது வருடம்.
அடையாள அட்டை, முகவரி, மருத்துவர்
எல்லாம் மாறியாகிவிட்டது.
இது மட்டும் ஓய்வு வாங்க மறுக்கிறது.'

அவர் போனபின் ஹெட்ஃபோனை நான் மாட்டிக்கொண்டேன்.
உறைந்த ஏரிக்கு அடியில்
யாரோ கம்பியை இழுத்துக் கட்டி
விடாமல் உரசுவது போல ஒன்று.
ஒரு நிமிடம் தாங்கினேன்.
அணைத்தேன்.
என்னிடம் அணைக்கும் குமிழ் இருக்கிறது.

சன்னலுக்கு வெளியே வோரு பேருந்து.
வலது காதைக் கண்ணாடிப் பக்கம் வைத்து
இடது காதை ஆட்கள் பக்கம் வைத்து
உட்கார்ந்திருந்தார்.

ஐம்பத்தேழை நீக்கினேன்.
கட்டுரையில் அவர்
'ஒருவர் விலக்கப்பட்டார்' என்று
அடிக்குறிப்பில் வருவார்.
ஆனால் நீக்குவதற்குக் காரணம் கேட்டு
திரையில் ஒரு பெட்டி திறந்தது,
இருநூறு எழுத்துக்குத்தான் இடம்.
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
எழுதினேன்:

பங்கேற்பாளர் அறிவுறுத்தலை
மிகச் சரியாகப் பின்பற்றினார்.