கிலோமீட்டருக்கு நாலணா

சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தோம்,
யார் ஓட்டுவதென்று.
என் பெயர் வந்தது.
என்னிடம் இருந்ததோ
பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள்.
முன்னால் கூடை. கியர் கிடையாது.
மணி அடித்தால் இருமும்.

பத்தாவதில் தவறிய பதினாலு பேருக்குத்
தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும்.
செக்காலை ரோட்டில் ஜெராக்ஸ் கடை மாடி,
ஒரு ட்யூப்லைட், மூன்று பாய்,
கால் ஆடும் கரும்பலகை:
இவ்வளவுதான் எங்கள் இளையோர் மன்றம்.

நஸ்ரின் நோட்டோடு கடை கடையாக ஏறி இறங்கினாள்.
கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்.
சிமெண்டுக் கடை சாத்தப்பன் அஞ்சு என்று எழுதிக்
கையெழுத்தும் போட்டார்.
"அத்தாட்சி வேணும் தங்கச்சி."

கடைசிப் பாயிலிருந்து மலையரசன் கை தூக்கினான்.
பரோட்டாக் கடையில் மாவு பிசைந்துவிட்டு
எட்டு மணிக்கு வருகிறவன்,
எட்டரைக்குத் தூங்குகிறவன்,
வகுத்தல் என்றாலே தண்ணீர் குடிக்க எழுந்து போகிறவன்.
"எனக்கு நாலணா எழுதிக்கங்கக்கா."
எல்லோரும் சிரித்தார்கள்.
அந்தக் காசே இப்போது செல்லாது.
எழுதிக்கொண்டேன்.

விடியற்காலை மூன்றரை.
தேவகோட்டை தாண்டும்வரை நாய்களோடு பந்தயம்.
பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு
அவைதான் வாரிசு போலிருக்கிறது.

தொண்டியில் கடலைப் பார்த்தேன், இரண்டு நிமிடம்.
கடல் என்னைப் பார்த்ததாகத் தெரியவில்லை.
திரும்பினேன்.
போகும்போது முதுகைத் தள்ளிவிட்ட காற்று
வரும்போது வட்டி கேட்டது.

கருவேல நிழலில்
நிழலைவிட ஓட்டைதான் அதிகம்.
ஸ்கூட்டரில் உரசிக்கொண்டு வந்த இரண்டு பேர்
"எங்க பாப்பா?" என்றார்கள்.
பரீட்சைக்கு.
"எந்த ஊர்ல?"
எல்லா ஊர்லயும்.

உட்காரும் இடத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.
நூறுக்கு மேல் பாதித் தூரம்
நின்றுகொண்டே மிதித்தேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திருப்பத்தூரில் போன் செத்தது.
கடைசியாகத் திரையில் பார்த்தது
நூற்று நாற்பத்து மூன்று.
அதற்கப்புறம்
மைல்கற்களை வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

நெற்குப்பையில் பங்க்சர்.
சாத்திய கதவைத் திறந்து ஒட்டித் தந்தவர்
எங்கிருந்து, எதற்கு, எதுவும் கேட்கவில்லை.
டயரை அழுத்திப் பார்த்து
"காத்து போதுமா?" என்றார்.
அந்த நாளில் யாரும் கேட்டதில்
எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

பொன்னமராவதியைச் சுற்றிக்கொண்டு
காரைக்குடி விளக்குகள் தெரிந்தபோது
இருநூற்றுப் பன்னிரண்டு.
காலை ஊன்றி இறங்கினேன்.
கால் இறங்கவில்லை.

"போன் நூத்தி நாப்பத்து மூணுதானே காட்டுது?"
என்றார் சாத்தப்பன்.
மிச்சம் கல்லில் எழுதியிருக்குண்ணே.
"கல்லைக் கொண்டு வந்தியா?"
எழுநூற்றுப் பதினைந்து ரூபாய்
இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார்.
கணக்கில் தப்பில்லை.
நெற்குப்பை ஒட்டை ட்யூபைக் கழற்றிக் காட்டியிருக்கலாம்.
தோன்றவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்கு வந்த மலையரசன்
தண்ணீர் குடிக்கப் போகவில்லை.
சாக்பீஸை எடுத்தான்.
"நாலு நாலணா ஒரு ரூபா. அப்ப நாலால வகுக்கணும்."
ஐந்நாலு இருபது.
ஒன்று மிச்சம்.
பக்கத்து இரண்டை
பரோட்டாக் கல்லில் மாவைப் போடுகிற மாதிரி
மெதுவாக இறக்கினான்.
பன்னிரண்டு.
முந்நாலு.

"மீதியே இல்லக்கா!"

சட்டைப்பையில் எண்ணெய் வாசத்தோடு
ஓர் ஐம்பது ரூபாய்த் தாள், மூன்று நாணயம்.
போன் காட்டியதை நானாகச் சொன்னேன்.
"அது செத்துட்டா நீங்க ஓட்டலையா?" என்று
பாயில் போய்ப் படுத்தான்.

ஐம்பத்து மூன்று என்று வரவில் எழுதிவிட்டு
"அத்தாட்சி?" என்றாள் நஸ்ரின்,
சிரிக்காமல்.

மணி எட்டரை.
அவன் தூங்கியிருந்தான்.
ஆடுகிற பலகையைப் பிடித்துக்கொண்டு
உட்கார முடியாமல்
நான் நின்றிருந்தேன்.