வலது மூலை

பூம்பாறை வளைவில் விடுதிப் பலகை.
அதில் என் பனிமூட்டம்.

போன மார்கழியில்
பல் துலக்காமல் ஓடிவந்து எடுத்த படம்.
வலது மூலையில் சின்னதாய்
வெ. ரஞ்சிதமணி என்று போட்டிருந்தேன்.
பூண்டுத் தாள் கிள்ளுவதுபோல்
அதை மட்டும் நறுக்கிவிட்டார்கள்.

இடது ஓரம் அப்படியே இருக்கிறது:
கொடியில் மகளின் சீருடை,
மூன்று நாளாய்க் காயாத என் உள்பாவாடை,
கதவில் மின்வாரிய எண்.

பலகையில் இருந்த நம்பருக்கு அடித்தேன்.
"பேர் இருந்தா படம் கெட்டுடும்க்கா.
துணி இருக்கட்டும், வீடு மாதிரி இருக்கு."

கொடைக்கானல் பஸ் திரும்பும்போதெல்லாம்
யாராவது அண்ணாந்து பார்க்கிறார்கள்.

இப்போது கொடியை அவிழ்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.
என் பெயரை மூலையில் போடுவதில்லை;
மலையின் வயிற்றுக்குக் குறுக்கே,
மேகம் மறைக்க முடியாத தடிமனில்.

அசிங்கமா இருக்கு என்கிறாள் மகள்.

இருக்கட்டும்.