ஒருநாள் விட்டு ஒருநாள்

நாகர்கோவிலில் பயிற்சி. எண்பத்துநாலு ஸ்லைடு.
மூளையின் படம் ஒன்று, பலாச்சுளை நிறத்தில்.
மதியம் கரண்ட் போனதும்
"இதுவரை நினைவிருப்பதை எழுதுங்க" என்றார் வந்திருந்த அம்மா.
இருபது வருடமாய் அறிவியல் நடத்துகிறவள் நான்.
எழுதினேன்: பலாச்சுளை.

குலசேகரம் திரும்பி வகுப்பில் அதையே செய்தேன்.
புத்தகத்தை மூடு. போனை வாளியில் போடு.
சிறுநீரகம், தெரிந்ததை எழுது.
ஒன்பது பி ஃபேனைப் பார்த்தது.
வாளி மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது
உள்ளே நண்டு கிடப்பதுபோல.

கடைசி பெஞ்சில் டெரின் தூங்கினான்.
ராத்திரி முழுக்க கேம்தானே என்று குனிந்தேன்.
விரலிடுக்கில் காய்ந்த பால்,
நகக்கண்ணில் ரப்பர்.
மூணு மணிக்கு நெற்றியில் விளக்கு கட்டி
முந்நூறு மரம்.
தூக்கத்தில்தான் படித்தது உறையுமாம்,
அது எத்தனையாவது ஸ்லைடு?
எழுப்பவில்லை.

மணி அடித்த பிறகு கேட்டேன்:
"தினமும் வெட்டுவியா மக்களே?"
"இல்ல டீச்சர், ஒருநாள் விட்டு ஒருநாளாக்கும்.
தினம் வெட்டினா பாலு வத்திரும்,
பட்டை மரத்துப் போவும்."

திங்களன்று நடத்திய நெஃப்ரானை
செவ்வாய் தொடவில்லை.
புதன், புத்தகம் மூடிக் கேட்டேன். பாதிப்பேர் விழித்தார்கள்.
நானும் பதிலைச் சொல்லாமல் விட்டேன்,
கை துறுதுறுத்தது.
வெள்ளிக்கிழமை
கசிந்தது கொஞ்சம்,
சிரட்டையின் அடி நனையும் அளவுக்கு.

அன்றைக்கு டெரின் வரவில்லை.
விடியும்முன்னே பிடித்த மழை.
மழையில் வெட்டு கிடையாது,
வீட்டில் தூங்கியிருப்பான்.
ஆப்சென்ட் போட எடுத்த பேனா
மூடியோடே இருந்தது
கொஞ்சநேரம்.