வாளையாருக்கு முன்

எட்டிமடை தாண்டியதும் ரயில் மெதுவாகிறது.
மடியில் கணினி, கணினியில்
அறுபத்து நான்கு அணுக்களின் ஒற்றை வரிசை.
ஒரு பிணைப்பு இறுக்கம், அடுத்தது தளர்வு,
இறுக்கம், தளர்வு.
இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக
இடம் மாற்றிக்கொண்டு வருகிறேன்.

நடுவில் நிற்கும் அணுவுக்கு எதுவும் தெரியாது.
அதற்கு எப்போதும் ஒரு பக்கம் உறவு,
ஒரு பக்கம் வெறும் பழக்கம்.
எந்தப் பக்கம் எது என்று யார் கேட்கப் போகிறார்கள்?
தெரிவது முனைகளுக்கு.
ஒரு கட்டத்துக்கு மேல் முதல் அணுவும் கடைசி அணுவும்
ஜோடி இழந்து நிற்கின்றன.
பூஜ்ய ஆற்றலில் ஓர் எலக்ட்ரான்
பாதி இங்கே, பாதி அங்கே.

அந்தக் கட்டம் எது என்பதுதான் என் வேலை.
பனி உருகுவதுபோல் கண்ணில் படாது.
தனிச்சுழிக் குளிரில், சத்தமில்லாமல் நடக்கும்.
ஒரே தடயம்: அங்கே ஆற்றல் இடைவெளி மூட வேண்டும்.

மூடவில்லை.
அறுபத்து நான்கில் ஒரு பள்ளம்.
நூற்றிருபத்தெட்டில் இடைவெளி பாதியானது.
இருநூற்றைம்பத்தாறில் அதில் பாதி.
தரையைத் தொட முடிவில்லாத சங்கிலி வேண்டும்.
"இன்னும் நீளமா போட்டுப் பாரு" என்கிறது
லதிகா மேடத்தின் குறுஞ்செய்தி.
அதன் தலைமேலேயே இன்னொன்று:
கேரளம் தங்களை வரவேற்கிறது.
நேற்று இது சாவடியிலேயே வந்தது.
முந்தாநாள் கஞ்சிக்கோடு வரை வரவில்லை.

வெளியே மலை விட்டுக்கொடுத்த இடைவெளி.
அது மூடாததால்தான் இந்தக் காற்று,
இந்தத் தண்டவாளம், என் சம்பளம்.

சுபைர் போத்தனூரில் ஏறும்போது டீ விற்பார்,
பாலக்காட்டில் இறங்கும்போது சாயா.
எங்கே மாறுகிறது என்று மூன்று மாதமாகக் காது கொடுக்கிறேன்.
இன்று தேக்குகளுக்கு நடுவே
குலுங்கி நின்ற வண்டியில்
"டீசாயா டீசாயா" என்று ஒரே மூச்சில் போகிறார்.
நோட்டில் எழுதிக்கொள்ளக் கம்பத்தின் எண்ணைத் தேடினேன்.
கம்பம் கொடிக்குள் இருந்தது.

யானையாம்.
எங்கள் பெட்டியில் யாரும் பார்க்கவில்லை.
ஜன்னலில் கன்னம் அழுத்தியவர்களுக்கும்
அடுத்த பெட்டியின் கன்னங்கள்தான்.
இருபத்திரண்டு பெட்டிகளுக்கு முன்னால் ஓட்டுநர்,
பின்னால் தனியாகக் கார்டு.
அவர்களின் வாக்கி டாக்கிகள் மட்டும்
எங்கள் தலைகளின் வழியாக
எதையோ பேசி முடிக்கின்றன.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு என்று தட்டச்சு செய்கிறேன்.
வண்டி நகர்கிறது.