இறப்பு விகிதம் நான்கு சதம்

தொழில் மையத்துக்கு எதிர்ச் சந்தில்
ஜெராக்ஸ், லேமினேஷன், திட்ட அறிக்கை
என்று மூன்று வரி எழுதிய பலகை என்னுடையது.
மூன்றாவது வரிதான் சோறு போடுகிறது.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
எட்டுப் பக்கத்தில் யாரையும்
மூன்றாம் ஆண்டு லாபம் வரை கொண்டுபோய் விட்டுவிடுவேன்.

தாதகாப்பட்டி கேட்டிலிருந்து வந்தாள் தில்லைக்கரசி.
மஞ்சள் பையில் ஆதார், சாதிச் சான்று,
எட்டாம் வகுப்போடு நின்ற மாற்றுச் சான்றிதழ்,
கோயம்புத்தூர்க் கம்பெனி கொடுத்த விலைப்புள்ளி:
தட்டுவடை அழுத்தும் இயந்திரம்,
வரி சேர்த்து மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
மணிக்கு இரண்டாயிரம் வடை.
"கையில தட்டுனா நானூறுங்க,
அதுக்கே ராத்திரி தோள்பட்டை கழண்டுக்கும்."

மாத விற்பனை எவ்வளவு என்றேன்.
எந்த மாசம் என்றாள்.

ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால்
பண்டிகை முடியும் வரை கையொழியாது.
ஐப்பசி அடைமழையில் டின்னுக்குள்ளேயே நமுத்துப்போகும்,
பத்து நாள் அடுப்பே பற்றவைப்பதில்லை.
மே மாதம் ஏற்காடு ஏறுகிற கார்கள்
அடிவாரத்தில் நிறுத்தி வாங்கும்.
வெங்காயம் நூறைத் தொட்டால்
செட்டுக்கடைக்காரர்கள் பீட்ரூட்டைக் கூட்டிச் சமாளிப்பார்கள்;
வடையைக் கடனுக்குக் கேட்பார்கள்.

என் கணினியில் இதற்கெல்லாம் கட்டமில்லை.
ஆண்டு மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுக்கும்.
எல்லா மாதமும் ஒரே உயரத்தில் நிற்கும்,
புதிதாக நட்ட வேலிக்கல் மாதிரி.
"ஆடிக்கு இது பத்தாதே" என்றாள்.
"ஐப்பசிக்கு இது பொய்யாச்சே."
பேங்குக்கு ஆடியும் தெரியாது ஐப்பசியும் தெரியாதம்மா,
தவணை தெரியும் என்றேன்.

வேலையாட்கள் எண்ணிக்கை?
அவள். நாத்தனார்.
"எங்க வீட்டுக்காரர் மாவு மிசினுக்குப் போயாருவாரு.
சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நம்பலாம்."
இரண்டரை என்று போட வழியில்லை.
மூன்று என்று அடித்தேன்.

நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேராம்.
உங்கள் பொருளின் தனித்தன்மை என்ன என்று கேட்டார்களாம்.
"கடிச்சா சத்தம் வரும் சார்."
ஜாமீன் வேண்டாம் என்று அறிக்கை சொன்னது,
ஜாமீன் எங்கே என்று வங்கி கேட்டது.
ஒரு மேலாளர் மாறிப் போனார்,
அடுத்தவர் கையெழுத்துப் பழகவே
தைப்பொங்கல் ஆகிவிட்டது.
கடன் வந்தது. இயந்திரம் வந்தது.
மானியம் அவள் பேரில் வந்து
அதே வங்கியில் உட்கார்ந்துகொண்டது,
மூன்று வருஷம் பார்க்கலாம், தொடக்கூடாது.

போன வாரம் மறுபடி வந்தாள்,
பயன்பாட்டுச் சான்றுக்கு நகல் எடுக்க.
கோப்பைப் பிரித்துக் கண்ணாடிமேல் கவிழ்க்கும்போதுதான்
ஆறாம் பக்கம் கண்ணில் பட்டது.
வாழப்பாடிக் கோழிப்பண்ணைக்காரருக்கு அடித்த அறிக்கையை
அப்படியே எடுத்துப் பெயர் மாற்றியிருந்தேன்,
ஒரு வரி தப்பிவிட்டது:
'குஞ்சுகளின் இறப்பு விகிதம்
நான்கு சதம் எனக் கணக்கிடப்பட்டுள்ளது.'
அதற்குக் கீழே மூன்று கையெழுத்து.
இரண்டு வட்ட முத்திரை.
ஒன்று பச்சை மையில்.

எனக்குக் காது சுட்டது.
நீங்களாவது படித்தீர்களா என்று கேட்டேன்.
"படிச்சனே. எட்டாவது வரைக்கும் போயிருக்கேன்."
பிறகு ஏன் சொல்லவில்லை?
"நூத்துக்கு நாலு உடையுமுங்க.
எண்ணெய்ல ரெண்டு, மூட்டை கட்டையில ரெண்டு.
கணக்கு சரியாத்தான இருக்குன்னு விட்டுட்டேன்.
கோழின்னு எழுதுனா கொடுப்பாங்க போலன்னு நெனச்சேன்."

அந்த எட்டுப் பக்கத்தில்
நான் யோசிக்காமல் எழுதியது அது ஒன்றுதான்.

நகலுக்கு ஆறு ரூபாய் எண்ணி வைத்தாள்.
பையிலிருந்து ஒரு பாலித்தீன் கவர் எடுத்தாள்,
நிறைய அரை வடை, கால் வடை, விளிம்பு.
"இந்தாங்க, இந்த மாசத்து இறப்பு"
என்று மேசைமேல் வைத்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடினாள்.

நின்றுகொண்டே தின்றேன்.
பூண்டு கொஞ்சம் தூக்கல்.
ஷிப்ட் பட்டனுக்கடியில் ஒரு துண்டு போய்விட்டது,
அடுத்தவரின் திட்ட அறிக்கையை அடிக்கும்போது
அழுத்தினால் நொறுங்குகிறது.